வாரத் தொகுப்பில் எது செய்தி?

ஒரு பொறியியல் கல்லூரியில், புதிய நிறுவனங்கள் வளர உதவும் இன்குபேஷன் மையத்தில் வேலை பார்க்கிறேன். ஸ்டார்ட்அப் செய்திகளைத் திரட்டி, வெள்ளிக்கிழமைதோறும் மாணவர்களுக்கும் மையத்தில் இயங்கும் சிறு நிறுவனங்களுக்கும் அனுப்புவது என் பொறுப்பு. வந்து சேரும் பத்திரிகைக் குறிப்புகளில் பெரும்பாலானவை முதலீட்டு அறிவிப்புகள்தான். யார் போட்டார்கள், எவ்வளவு, எந்தச் சுற்று என்று மூன்று வரியில் எழுதிவிடலாம்.

ஆனால் படிப்பவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள்: "மேடம், ஐம்பது கோடி மதிப்புன்னு போட்டிருக்கே, அவ்வளவு பணம் அவங்க கையில இருக்கா?" இல்லை. 10 கோடி வாங்கிக்கொண்டு 20 சதவீதப் பங்கைக் கொடுத்தால், கணக்குப்படி மதிப்பு 50 கோடி. கைக்கு வருவது 10 கோடிதான், அதுவும் சில நேரம் தவணைகளில். அவள் கேட்ட பிறகு, எவ்வளவு பங்கு கைமாறியது என்று தேடாமல் எந்த முதலீட்டுச் செய்தியையும் நான் போடுவதில்லை. அறிவிப்பில் அது அநேகமாக இருக்காது. கம்பெனி விவகார அமைச்சகத்தில் தாக்கல் செய்யும் பங்கு ஒதுக்கீட்டுப் படிவம் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் பழைய செய்திகளுக்குப் பிறகு என்ன ஆனது என்று சொல்ல, தொகுப்பில் 'முன்பு சொன்னது' என்று ஒரு பகுதி வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸின் மதிப்பு 2022இல் 2,200 கோடி டாலர். 2024 ஜூலையில் கிரிக்கெட் வாரியத்துக்குத் தர வேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கிக்காக அதே நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனது. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வைத்தால் மாணவர்களுக்கு நான் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

நல்ல செய்தியையும் இப்படித் தொடர வேண்டும். சென்னை ஐஐடியில் வளர்ந்த ராக்கெட் நிறுவனமான அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினுடன் தன் சோதனை ராக்கெட்டை 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. அதற்கு முன் பலமுறை தள்ளிப்போனது. ஒத்திவைத்ததும் செய்திதான் என்பது என் கருத்து. வன்பொருள் செய்பவர்களின் நாட்கள் அப்படித்தான் போகின்றன.

அரசு அறிவிப்புகள் வறண்டவை, ஆனாலும் விடமாட்டேன். ஸ்டார்ட்அப் போன்ற பட்டியலிடப்படாத நிறுவனம் நியாயமான மதிப்புக்கு மேல் முதலீட்டாளருக்குப் பங்கு விற்றால் மிகுதியை வருமானமாகக் கருதி வரி போட்ட ஏஞ்சல் வரி 2012இல் வந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் அதை நீக்குவதாக அறிவித்த வாரம், ஃபண்டிங் செய்திகளை ஒதுக்கிவிட்டு முதல் பக்கத்தை அதற்கே கொடுத்தேன்.

அப்புறம், மூடிய நிறுவனங்கள். கடையைக் கட்டுபவர்கள் யாரும் பத்திரிகைக் குறிப்பு அனுப்புவதில்லை. நானே போன் செய்து கேட்கிறேன். வாடிக்கையாளர் பணம் தர ஆறு மாதம் இழுத்தார், கூட்டாளி வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்வார்கள். சிலர் பெயர் வேண்டாம் என்பார்கள். சரி என்று பெயரில்லாமலே போடுகிறேன். மாணவர்கள் அதிகம் பதில் எழுதுவது அவற்றுக்குத்தான்.