பதினாறாம் கட்டத்தில் ஒரு ஈ

"பதினாறாம் கட்டம் எண்டு ஒண்டு இருக்கும் பிள்ளை, அதில என்ன எழுத்துப் போட்டிருக்கிறாங்கள் எண்டு பாரும்."

மேல்வீட்டு அக்கா அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டே கேட்டார். கனடாவின் ஸ்கார்பரோவில் அவர் வீட்டு பேஸ்மென்டில்தான் நாங்கள் குடியிருக்கிறோம். கம்பெனி அனுப்பிய வேலைப் பதிவுச் சீட்டைப் போனில் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். கட்டத்துக்குள் ஒரே ஒரு ஆங்கில எழுத்து.

"ஈ-ன்னு இருக்குக்கா."

அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ஐயோ! நீராத்தான் வேலையை விட்டுட்டுப் போனீர் எண்டெல்லோ அதுக்கு அர்த்தம்."

ஊரில் பாயசத்தில் ஈ விழுந்தால் அப்பாயி சுண்டுவிரலால் எடுத்து எறிந்துவிட்டு, "ஒண்ணும் ஆவாது, குடி" என்பார். இந்த ஈயை எடுத்துப் போட எனக்குக் கிட்டத்தட்ட நாலு மாதம் ஆனது.

இரண்டு வருஷம் நான் வேலை பார்த்தது, உறைய வைத்த சமோசாவும் பரோட்டாவும் பொட்டலம் போடும் ஒரு கம்பெனியில். குளிர்சாதன அறை, தலைக்கு வலை, கைக்கு இரட்டை உறை. 2025 பொங்கல் முடிந்த கையோடு ஷிப்ட் குறைய ஆரம்பித்தது. வாரம் 40 மணி நேரம் 24 ஆனது, பிறகு ஒன்றுமே இல்லை. சூப்பர்வைசரிடமிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி: இந்த வாரம் ஷிப்ட் இல்லை, ஆர்டர் வந்தால் கூப்பிடுகிறோம். கூப்பிடவில்லை. நான் இரண்டு முறை போன் போட்டேன், "பார்க்கலாம்" என்றார். மூன்றாம் முறை எடுக்கவில்லை.

கனடாவில் வேலை போனால் எம்ப்ளாய்மென்ட் இன்சூரன்ஸ் கேட்கலாம். அக்கா வந்த 1988-இல் அதற்கு அன்எம்ப்ளாய்மென்ட் இன்சூரன்ஸ் என்று பேர். 1996-இல் பேரை மாற்றினார்கள். அக்கா இன்றைக்கும் 'யு.ஐ. காசு' என்றுதான் சொல்வார். வாரச் சம்பளத்தில் 55 சதவீதம். எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் அப்போது குறைந்தபட்சக் கூலியாக இருந்த மணிக்கு 17 டாலர் 20 சென்ட்தான் எனக்கும். 40 மணி நேரத்துக்கு 688 டாலர், அதில் 55 சதவீதம் 378 சொச்சம். எனக்கு முதல் வாரத்துக்குக் காசு கிடையாது, அது காத்திருப்பு வாரம். 2017-க்கு முன்னால் அது இரண்டு வாரமாக இருந்ததாம்.

மன்னார்குடி சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வேலை பாக்காம இருக்கறதுக்குச் சம்பளமா? அங்கயே இருந்துக்கம்மா, திரும்பி வராத."

சித்தப்பாவுக்குத் தெரிந்த உதவித்தொகை வேறு. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, ஐந்து வருஷம் வேலை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தால் டிகிரி படித்தவனுக்கு மாதம் 600 ரூபாய் தருவார்கள். அவர் மகன் வாங்கியிருக்கிறான். நூறு நாள் வேலைச் சட்டத்திலும், கேட்ட 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி உண்டு என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் வாங்கி நான் பார்த்ததில்லை.

"இது பிச்சை இல்லை பிள்ளை, நீர் கட்டின காசு," என்று அக்கா அடிக்கடி சொல்வார். உண்மைதான். 2024-இல் நான் வாங்கிய ஒவ்வொரு நூறு டாலரிலும் ஒரு டாலர் 66 சென்ட் இதற்காகப் பிடித்தார்கள். முதலாளி பங்கு அதைப்போல் 1.4 மடங்கு. ஆனாலும் கேட்கப் போனபோது, கூட்டுறவு வங்கி வாசலில் கடனுக்கு நிற்கும் அப்பாவின் முகம்தான் எனக்கும் வந்துவிட்டது.

எல்லாம் அந்த ஒரு சீட்டில் இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் அனுப்ப வேண்டிய வேலைப் பதிவுச் சீட்டு. எத்தனை மணி நேரம் வேலை பார்த்தாய், எவ்வளவு வாங்கினாய், ஏன் நின்றாய் என்று அதில் இருக்கும். காரணம் பதினாறாம் கட்டத்தில். வேலை இல்லாமல் போனால் 'ஏ'. நீயாகப் போனால் 'ஈ'. துரத்திவிட்டால் 'எம்'. ஐந்து நாளில் அனுப்ப வேண்டியதை என் கம்பெனி மூன்றரை வாரம் கழித்து அனுப்பியது, அதுவும் ஈயோடு. நானாக விட்டேன் என்றால், விட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது, வேறு வழியே இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டும். நான் விடவே இல்லையே, எதை நிரூபிப்பது? பதினாறு என்றால் எங்கள் பக்கம் கருமாதி நாள். கட்டத்துக்குப் பொருத்தமான நம்பர்தான் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் போட்டால் வரிசையில் நிறுத்துவார்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெந்தயக்கீரை ஆய்வேன். ஒன்றரைக் கட்டு ஆய்ந்து முடியும்வரை அதே இசை. பிறகு யாராவது எடுத்து, "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது" என்பார்கள். சில நாள் எடுக்காமலே லைன் கட்டாகிவிடும். ஒருநாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே என் வீட்டுக்காரர் அந்த இசையை விசிலடித்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவருக்கு ரசம் மட்டும்தான்.

காசு வராவிட்டாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்ணப்பம் செத்துவிடும் என்று அக்கா பயமுறுத்தி வைத்திருந்தார். வேலை பார்த்தாயா, சம்பாதித்தாயா, நாட்டை விட்டு வெளியே போனாயா, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வேலை பார்க்கத் தயாராகவும் விருப்பத்தோடும் திறனோடும் இருந்தாயா? ஒருமுறை அக்காவின் சிநேகிதி வீட்டு விசேஷத்துக்கு அதிரசம் சுட்டுக் கொடுத்து 60 டாலர் வாங்கியிருந்தேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை. காலையில் முதல் வேலையாக 60 என்று போட்டுவிட்டேன். வராத பணத்தில் அதில் பாதியைக் கழிப்பார்களே என்று இவர் சிரித்தார்.

குளிர் பழகிவிட்டது. பஸ் நம்பர்கள் பழகிவிட்டன. பனி பெய்த காலையில் உப்பு தூவாமல் படியில் கால் வைக்கக்கூடாது என்பதுகூடப் பழகிவிட்டது. ஊரைப் பற்றி இப்போது முன்பு மாதிரி நினைப்பதில்லை என்று தங்கச்சியிடம் பெருமையாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் மார்ச் மாதம் அந்த அதிகாரி பேசிய அன்றைக்கு, துணி துவைக்கும் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு நான் பார்த்தது எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தைத்தான்.

அந்த வருஷம் நான் எட்டாவது. தை கடைசியில் மழை பிடித்து, அறுத்த நெல்லை ரோட்டோரம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தோம். பகலில் அப்பா தார்ப்பாயை விலக்கிக் காலால் துழாவித் துழாவி நெல்லைக் காய வைப்பார். ராத்திரி குவியல் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார். தூக்குவாளியில் நான்தான் சோறு கொண்டுபோவேன். நாலைந்து நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்' என்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். "கேட்டுச்சா பாப்பா? உடைஞ்சிருச்சு பாரு" என்று எனக்கும் இரண்டு நெல் கொடுப்பார். எனக்கும் டக்கென்றுதான் உடைந்தது. கொள்முதல் நிலையத்து மெஷின் மட்டும் 19 என்றது. ஈரப்பதம் 17-க்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். அப்பா எதுவும் பேசவில்லை. வாயிலிருந்த உமியைத் துப்பிவிட்டுத் தார்ப்பாயைத் திரும்பப் போர்த்தினார்.

"உங்கள் கம்பெனி சொல்வது வேறு மாதிரி இருக்கிறது," என்றார் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். நான் தொடர்ந்து வேலைக்கு வரவில்லை, போன் செய்தும் எடுக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். "அவர்கள்தான் எடுக்கவில்லை" என்றேன். ஆதாரம் இருக்கிறதா என்றார். இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால்வரை.

ஊரில் மாமா மகள் கல்யாணம் நடந்தது. எழுபதோ எண்பதோ வீடியோ அனுப்பினார்கள், நலங்கிலிருந்து மறுவீடு வரை. போனில் இடமில்லை. இனி தேவையில்லை என்று கம்பெனி வாட்ஸ்ஆப்பை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் நலங்கு வீடியோ பார்த்தேன்.

மார்ச் கடைசியில் கடிதம் வந்தது. நியாயமான காரணமின்றி நீங்களாகவே வேலையை விட்டதால் உங்களுக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர், "விடு, நான் ஓவர்டைம் பாக்கறேன்" என்றார். நானும் விட்டிருப்பேன். "நீங்களாகவே" என்ற அந்தச் சொல்தான் விடவில்லை. பணம் தர முடியாது என்று மட்டும் எழுதியிருந்தால்கூடப் போகட்டும் என்றிருப்பேன்.

அக்கா கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார். "முப்பது நாள் இருக்கு. மறுபரிசீலனை கேளும். வேற ஒராள்தான் பாப்பினம். அதுக்கும் மேல தீர்ப்பாயம் இருக்கு. காசு ஒண்டும் கட்டத் தேவையில்லை." இன்னொன்றும் சொன்னார்: இரண்டு பக்கத்துச் சாட்சியும் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலனை விண்ணப்பித்தவருக்கே கொடுக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தேன், நிஜமாகவே இருக்கிறது. அப்பாவிடம் சொன்னபோது அவரும் நம்பவில்லை. "அப்ப 18-ன்னு காட்டுனா நம்ம நெல்லை எடுத்துக்குவாங்களா அங்க?" என்றார்.

சமமாவதற்காவது என் பக்கம் ஏதாவது வேண்டுமே. அதைக் கொடுத்தது தங்கச்சிதான். மன்னார்குடியில் கண்ணாடி நொறுங்கிய ஒரு பழைய போன் வைத்திருக்கிறாள். அதிலிருந்து எதையும் அழிக்க மாட்டாள். அழிக்கத் தெரியாது என்றும் சொல்லலாம். ஜனவரியில் சூப்பர்வைசர் அனுப்பிய அந்தச் செய்தியில், 'ஷிப்ட்' என்ற வார்த்தையில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை விட்டிருந்தார். விட்டால் என்ன வார்த்தை ஆகும் என்று நான் இங்கே எழுத முடியாது. இந்த வாரம் அது உனக்கு இல்லை என்று வந்திருந்தது. சிரிப்பு தாங்காமல் அன்றைக்கே படம் பிடித்து, "பாருடி எங்க ஆளு இங்கிலீஷ" என்று அவளுக்கு அனுப்பியிருக்கிறேன். தேதி, நேரம், அவர் நம்பர், கூப்பிடுகிறோம் என்ற வரி, எல்லாம் அப்படியே இருந்தது.

"நீ அனுப்பறது ஒண்ணையும் நான் அழிச்சதில்லக்கா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் காரணம் புரியவில்லை. பணம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் மறுபரிசீலனைக்கு அனுப்பினேன். அதே ஏப்ரலில் அப்பாயி போய்விட்டார். வேலையில்லாக் காசு கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நாட்டை விட்டுப் போனால் பொதுவாக அந்த நாட்களுக்குக் காசு கிடையாது, நெருங்கிய சொந்தத்தில் சாவு என்றால் தொடர்ச்சியாக ஏழு நாள் வரை விடுவார்கள். அப்பாயி அந்தக் கணக்கில் வருவாரா என்று நான் யாரையும் கேட்கவில்லை. டிக்கெட்டுக்குக் காசு இல்லை. வீடியோவில் பார்த்தேன். வாசலில் பந்தல், பறைச் சத்தத்தில் போனின் ஸ்பீக்கர் கிறீச்சிட்டது. யாரோ போனைச் சாய்த்துப் பிடித்ததால் அப்பாயி முகத்துக்குப் பதில் வெகுநேரம் முற்றத்துத் துளசிமாடம்தான் தெரிந்தது. பதினாறாம் நாள் இங்கே சோறு வடித்து, வாழை இலை கிடைக்காமல் தட்டில் படைத்தேன். அந்த வாரத்து அறிக்கையில் நாட்டை விட்டு வெளியே போனாயா என்ற கேள்விக்கு 'இல்லை'யை அமுக்கினேன்.

ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள். முந்தின வருஷம் ஜூலை கடைசிவரை இழுத்ததால் இந்த முறை அப்பாவுக்கு வாயெல்லாம் பல். அதற்கு அடுத்த வாரம் எனக்குப் போன் வந்தது. இந்த முறை ஒரு அம்மாள். தங்கச்சி அனுப்பிய படத்தைப் பற்றி மட்டும் கேட்டார். படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் சற்று நிறுத்தினார், தொண்டையைச் செருமிக்கொண்டார். எந்த வார்த்தையில் நின்றார் என்று எனக்குத் தெரியும். முந்தைய முடிவை மாற்றுகிறோம் என்றார். நாலு நாளில் ஜனவரியிலிருந்து சேர வேண்டியதெல்லாம், வரியும் அதிரசக் காசுக்கான கழிவும் போக, மொத்தமாக வங்கியில் விழுந்தது.

அப்பாவுக்குத்தான் முதலில் போன் போட்டேன். காற்றுச் சத்தம் கேட்டது, வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருக்கிறார்.

"தண்ணி வந்துருச்சாப்பா?"

"கல்லணை தொறந்தாச்சு. மூணாறு தலைப்புக்கு வந்துருச்சுங்கறாங்க. நம்ம வாய்க்காலுக்கு இன்னும் வல்ல. ஒனக்கு?"

"வந்துருச்சுப்பா."

"முழுசா?"

"முழுசா."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "பணம் வந்ததுக்குச் சீட்டு மாதிரி ஏதாச்சும் காட்டுமா அதுல?" என்றார்.

"காட்டுதுப்பா."

"அதையும் ஒரு படம் புடிச்சுத் தங்கச்சிக்கு அனுப்பிவிட்டுடு."