தேமா என்று கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்ப்பேன்

நம் பள்ளியின் பழைய மாணவர் மலரைத் தயாரிக்கும் குழுவினர் என்னிடம் கேட்டது விளையாட்டு விழா பற்றிய கட்டுரை. பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் வேதபாட ஐயா காலமான செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அப்புறம் ஓட்டப்பந்தயத்தையும் இல்லக் கொடிகளையும் பற்றி எழுத மனம் வரவில்லை, குழுவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு முழுக்கக் குழுவில் ஒரே வசனம்தான். "நல்ல போராட்டத்தைப் போராடினேன், ஓட்டத்தை முடித்தேன், விசுவாசத்தைக் காத்துக்கொண்டேன்." ஒருவர் பூப்படத்தோடு போட்டார், அடுத்தவர் மெழுகுவர்த்திப் படத்தோடு போட்டார், மூன்றாமவர் முதலாமவர் போட்டதையே திரும்பப் போட்டார். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபம், 2 தீமோத்தேயு 4:7. ஐயாவுக்குப் பொருத்தமான வசனம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் வகுப்பில் இருந்தவர்களில் ஒருத்தராவது அங்கிருந்து மூன்று வசனம் கீழே இறங்குவீர்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் இறங்கவில்லை. பாவம் என்று விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை, நானே இறங்குகிறேன், அதற்கு முன் விடுதியில் நடந்த அந்த இரவைச் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்து வருகிற அண்ணன்மாரின் வேகம் உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வருஷம் எல்லாமே பிசாசுதான். மின்சாரம் போனால் பிசாசு, கணக்கில் தோற்றால் பிசாசு, மேல்மாடியில் யாரோ கதவைப் படாரென்று சாத்தினால் அதுவும் பிசாசு. புதிதாக வந்த சின்னப் பையன் ஒருவன் சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், போர்வைக்குள் அழுதுகொண்டே கிடந்தான். அவனுக்குள் ஏதோ இருக்கிறது என்று அண்ணன்மார் தீர்மானித்துவிட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றி நின்று, தலையில் கையை வைத்து, "கட்டுகிறேன், துரத்துகிறேன்" என்று ஒரே சத்தம். நாங்கள் பக்கத்துக் கட்டில்களில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம், பயமும் கொஞ்சம் ரசிப்புமாக. பையன் அழுவதை நிறுத்திவிட்டான். ஜெயம் என்று அவர்கள் நினைத்தார்கள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தான், அவ்வளவுதான்.

ஐயா வந்து விளக்கைப் போட்டார். அண்ணன்மாரைப் பார்க்கவே இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பையனின் பாதத்தை மூடிவிட்டு, "வீட்டிலிருந்து கடைசியாகக் கடிதம் எப்போது வந்தது தம்பி?" என்று கேட்டார். அதற்குத்தான் அவன் உடைந்து அழுதான். அப்புறம் எழுந்து எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்: "பிசாசுக்குக் கொடுக்கிற கவனத்தில் பாதியை இவனுக்குக் கொடுங்களேன்."

அடுத்த வகுப்பில் அப்போஸ்தலர் 19. ஸ்கேவாவின் குமாரர் ஏழு பேர். பொல்லாத ஆவியைத் துரத்தத் தாங்கள் அறியாத இயேசுவின் பேரை மந்திரம் மாதிரி சொல்லிப் பார்த்தவர்களிடம் அந்த ஆவி திருப்பிக் கேட்கிறது: "இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?" உடுப்பையும் விட்டுவிட்டு ஓடினார்கள். இது நடந்த ஊர் எபேசு. அதே ஊரில் மாயவித்தைப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள், விலை கணக்குப் பார்த்தால் 50,000 வெள்ளிக்காசு. ஆவிகளைப் பற்றிய பயத்திலேயே ஊறிய ஊர் அது. அந்த எபேசியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தில்தான் சர்வாயுதவர்க்கம், அதாவது பிசாசை எதிர்த்து நிற்க அணிகிற கவசம், வருகிறது, அதில் உச்சாடனம் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள் என்றார் ஐயா. சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம், இரட்சிப்பு, தேவவசனம். ராத்திரி கத்துவதற்கு ஒன்றும் இல்லை, பகலில் வாழ்வதற்குத்தான் இருக்கிறது.

அண்ணன்மார் அதற்குப் பிறகு அவரோடு சரியாகப் பேசவில்லை. பிசாசு உண்டு என்றே ஐயா நம்பவில்லை என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். அது தப்பு. அவர் நம்பினார், எங்களைவிட அதிகமாகவே நம்பினார். ஆனால் அவன் எந்த வாசல் வழியாக வருவான் என்பதில்தான் வித்தியாசம். எபேசியர் 6-ஐ மனப்பாடமாக ஒப்பிக்கிற எவனையும் நிறுத்தி, பிசாசின் பேர் அந்த நிருபத்தில் அதற்கு முன்னால் எங்கே வருகிறது என்று கேட்பார். எவனுக்கும் தெரியாது. நாலாம் அதிகாரம். "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது, பிசாசுக்கு இடங்கொடாமலும் இருங்கள்." இரவு முழுக்க ஒருவன்மேல் கோபத்தை வைத்துக்கொண்டு படுக்கிறாயே, அதுதான் நீ அவனுக்குப் போட்டுக்கொடுக்கிற பாய் என்பார். அப்புறம் புருஷன் மனைவி, பிள்ளைகள் பெற்றோர், வேலைக்காரன் எஜமான் என்று வீட்டுக்குள் இருக்கிற உறவையெல்லாம் சரிசெய்யச் சொல்லிவிட்டுத்தான் பவுல் கவசத்துக்கே வருகிறார்.

அந்தக் கவசத்தில் வருகிற விசுவாசம் என்னும் கேடகத்தைப் பற்றி அவர் நடத்திய பாடம் எனக்கு அப்படியே இருக்கிறது. ரோமக் காலாள் வீரனின் கேடகம் நாங்கள் நாடகத்துக்கு அட்டையில் வெட்டினோமே, அந்தத் தட்டு அளவு சாமான் இல்லை. பலகையை ஒட்டித் தோல் போர்த்தது, தோள் முதல் முழங்கால் வரை மறைக்கும். ஆனாலும் ஒருவன் தனியாகப் பிடித்தால் முன்பக்கம்தான் மறையும். வரிசையாக நின்று, முன்னால் இருப்பவன் முன்னுக்கும் பின்னால் இருப்பவன் தலைக்கு மேலும் பிடித்தால்தான் மேலிருந்து வருகிற அம்புக்குத் தப்பலாம். ஆமை அணிவகுப்பு என்று அதற்குப் பெயர். என் விசுவாசத்தை நானே காத்துக்கொள்வேன் என்று ஒருவன் சொன்னால் ஐயாவுக்குக் கோபம் வரும். பதினேழாம் வசனத்தில் பட்டயத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள், பதினெட்டில் என்ன இருக்கிறது? சகல பரிசுத்தவான்களுக்காகவும் ஜெபித்து விழித்திருக்கச் சொல்கிறது. பத்தொன்பதில்? எனக்காகவும் ஜெபியுங்கள் என்று பவுலே கேட்கிறார், சங்கிலியில் கிடந்துகொண்டு.

உபாகமம் போரடிக்கிறது என்று சொன்ன ஒருவனுக்கு (குழுவில்தான் இருக்கிறார், பேர் வேண்டாம்) விழுந்த அடியையும் மறக்க முடியாது. வனாந்தரத்தில் பிசாசு சங்கீதம் 91-ஐ எடுத்துப் பேசினான், அவனுக்கும் வசனம் தெரியும். இயேசு மூன்று முறையும் பதில் எடுத்தது உபாகமத்தின் 6-ஆம், 8-ஆம் அதிகாரங்களிலிருந்து. "நீ தூங்குகிற புத்தகத்திலிருந்துதானடா அவர் ஜெயித்தார்!"

சரி, என் கதைக்கு வருகிறேன்.

கடைசித் தவணை. எனக்கு வெளிநாட்டுப் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது, இரண்டு மூன்று பேருக்குத்தான் சொல்லியிருந்தேன். ஐயா 2 தீமோத்தேயு 4-ஐ வாசித்துக்கொண்டு போனார். "தேமா இப்பிரபஞ்சத்தின்மேல் ஆசைவைத்து, என்னைவிட்டுப் பிரிந்து, தெசலோனிக்கே பட்டணத்துக்குப் போய்விட்டான்." புத்தகத்தை விரலை வைத்து மூடினார். என் பேரைச் சொல்லி எழுப்பினார்.

"தெசலோனிக்கேயில் என்ன இருந்தது தம்பி?"

"தெரியாது ஐயா."

"போகிறவன் நீதானே, தெரிந்துகொண்டு போ."

வகுப்பு வெடித்தது. பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து பள்ளியை விட்டுப் போகும் நாள் வரை நான் தேமா. அது போதாதென்று அடுத்த வாரமே தமிழ் வகுப்பில் யாப்பிலக்கணம், தேமா புளிமா கருவிளம் கூவிளம். தமிழாசிரியருக்குக் கடைசி வரை புரியவில்லை ஏன் இவன்கள் முதல் சீரிலேயே உருளுகிறான்கள் என்று. என் பக்கத்தில் இருந்தவனுக்குப் புளிமா என்று பேர் விழுந்ததும் அன்றுதான், அவன் எந்தப் பாவமும் செய்யாதவன்.

அந்த அவமானத்தை நான் வெகுகாலம் சுமந்தேன். வெளிநாடு போகிறவனைப் பார்த்து ஐயாவுக்கு வயிற்றெரிச்சல் என்றுகூடச் சொல்லித் திரிந்தேன். சிரிப்புச் சத்தத்தில் எனக்குக் காதில் விழாத மீதிப் பாடத்தைப் புளிமாதான் பிறகொரு நாள் தொலைபேசியில் சொன்னான். தேமாவின் பேர் வேதத்தில் மூன்று இடத்தில் வருகிறது. பிலேமோனில் லூக்காவோடு சேர்த்து உடன்வேலையாள் என்று. கொலோசெயரில் லூக்காவுக்கு "பிரியமான வைத்தியன்" என்று அடைமொழி இருக்கிறது, பக்கத்தில் தேமாவுக்கு வெறும் பேர். மூன்றாவது இடம் இது. நடுவில் ஏதாவது பிசாசு வந்ததா, சோதனை வந்ததா, மறுதலித்தானா? ஒன்றும் எழுதவில்லை. தெசலோனிக்கே மக்கெதோனியாவின் தலைநகர், துறைமுகம், பெருவழிச் சாலை வேறு ஊருக்குள்ளாகப் போகிறது. வசதியான ஊர். போவது ஒன்றும் குற்றமில்லை என்றும் ஐயா சொன்னாராம், அதே வசனத்தில் கிரெஸ்கேயும் தீத்துவும்தான் ஊரை விட்டுப் போகிறார்கள், அவர்கள்மேல் பவுலுக்கு வருத்தமில்லை.

வந்து சேர்ந்த பிறகு எனக்கு நடந்ததும் ஏறக்குறைய அதுதான். கெர்ச்சிக்கிற சிங்கம் என்று பேதுரு எழுதியதை நினைத்து ஆயத்தமாக வந்தேன். ஒரு சிங்கமும் கெர்ச்சிக்கவில்லை. என் விசுவாசத்தை யாரும் எதிர்க்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலை நேரம் வந்தது, பிறகு களைப்பு வந்தது, பிறகு பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு வந்தது, ஆராதனையைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனது, அதையும் பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று ஆனது. "போன முதல் ஞாயிறே ஒரு சபைக்குப் போ, நல்ல சபையைத் தேடாதே, நடந்து போகிற தூரத்தில் உள்ள சபைக்குப் போ" என்று ஐயா வழியனுப்பும்போது சொன்னார். நான் நல்ல சபையைத் தேடினேன். இன்னும் கிடைக்கவில்லை.

தேடிப் போன இடங்களில் ஒன்று நேர் எதிர். அங்கே எப்போதும் போர். மகன் சொல் கேட்கவில்லையா, ஆவி. வேறு போதகரிடம் போனார்களா, ஆவி. ஒரு தாய்க்கு மாதக்கணக்காகத் தூக்கமில்லை, எழுந்து வேலை செய்ய முடியவில்லை, அவருக்கு உபவாசம் போடச் சொன்னார்கள், மருத்துவரிடம் போகச் சொல்ல ஒருவர் இல்லை. எனக்கு அந்த விடுதிக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. ஜெபமும் வேண்டும், மருத்துவரும் வேண்டும், இதில் ஒன்றைச் சொன்னால் மற்றதை மறுத்ததாக ஆகாது. தேமா போன பிறகு பவுலின் பக்கத்தில் மிஞ்சியது யார்? "லூக்காமாத்திரம் என்னோடே இருக்கிறான்." வைத்தியன்தான் மிஞ்சினார். நம் போராட்டம் மனிதரோடு அல்ல என்கிற "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" என்ற வசனத்தைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, மாம்சமும் இரத்தமுமாகப் பக்கத்தில் நிற்கிறவரையே எதிரியாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் வருகிறது. அஸ்தமனத்துக்கு முன் தணிய வேண்டும், தெரியும்.

எபேசு சபைக்குக் கடைசியில் என்ன ஆனது என்பதைப் பள்ளியில் ஐயா நடத்தினாரா என்று நினைவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 2-இல் இருக்கிறது. கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்தார்கள், சகித்தார்கள், இளைப்படையவில்லை. அந்த முனையில் அவர்கள் தோற்கவில்லை. "ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்பதுதான் அவர்கள்மேல் இருக்கிற குறை.

ஐயா எனக்கு ஒரே ஒரு கடிதம் எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு எழுதியது, கையெழுத்து நடுங்க ஆரம்பித்திருந்தது. பாதிக் கடிதம் சபைக் கூரை, கண் அறுவை சிகிச்சை, யார் யார் வந்து பார்த்தார்கள் என்ற விபரம். கடைசியில் இரண்டு வரி: "அன்றைக்கு உன்னை எழுப்பி நிறுத்தியதில் ஒரு குறை இருந்துவிட்டது. பத்தாம் வசனத்தில் நிற்காதே, பதினொன்றையும் வாசி." அப்போதே எடுத்து வாசித்தேன். லூக்கா கூட இருக்கிறான், மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் அவன் பிரயோஜனமுள்ளவன். சரி, இதில் எனக்கென்ன என்று மடித்து வைத்துவிட்டேன். பதில் எழுத வேண்டும் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன்.

செய்தி வந்த இரவுதான் மாற்கு யார் என்று ஒழுங்காகத் தேடினேன். அப்போஸ்தலர் 13:13-இல் பவுலின் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பியவன். அவனை மறுபடி கூட்டிப்போவதா என்று பவுலும் பர்னபாவும் முறுகி, அவன் பொருட்டு இருவரும் பிரிந்தே போனார்கள், அது 15-ஆம் அதிகாரம். முதலில் விட்டுப் போனவன் இவன். அந்த மாற்குவைத்தான் பவுல் சாகப்போகிற நேரத்தில் வரச் சொல்கிறார், தேமா போனதற்கு அடுத்த வசனத்திலேயே.

ஒரு தபாலட்டை போதுமாயிருந்திருக்கும். "மாற்கு வருகிறான்" என்று மட்டும் எழுதியிருந்தாலும் ஐயாவுக்குப் புரிந்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு வாசித்துக் காட்டியிருப்பார்.