சித்தப்பா வேலை பார்த்த மலைக்கு

என் சித்தப்பா கீழவளவு பக்கம் ஒரு கிரானைட் குவாரியில் 11 வருஷம் டிரில்லிங் வேலை பார்த்தவர். 2012-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் குவாரிகள் மூடப்பட்டபோதுதான் ஊருக்குத் திரும்பினார். அத்தனை வருஷத்தில் பஞ்சபாண்டவர் மலையில் ஒரு தடவைகூட ஏறிப் பார்த்ததில்லை என்று போன பொங்கலுக்கு அவர் சொன்னதை என்னால் நம்ப முடியவில்லை. கம்ப்ரசர் பக்கத்தில் நின்று தலையைத் தூக்கினால் தெரிகிற மலை அது. “எங்கப்பா நேரம், விடியிறதுக்குள்ள வேலை ஆரம்பிச்சிரும்” என்றார். சரி, இப்போ போவோம் வாங்க என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பிவிட்டோம்.

மேலூரில் டீ குடித்துவிட்டுத் திருப்பத்தூர் சாலையைப் பிடித்தோம். மேலூர்ப் பக்கத்துக் கல் ‘காஷ்மீர் ஒயிட்’ என்ற பெயரில் வெளிநாடுகளுக்கெல்லாம் போனது. எந்தெந்த ஊர் வீட்டுத் தரையிலோ, சமையல் மேடையிலோ இந்த மலைகளின் துண்டுகள் கிடக்கின்றன என்று நினைத்தால் மனசு கனத்துப் போகிறது.

மேலே சமணர் படுக்கைகள் இருக்கின்றன. துறவிகள் படுக்க, தலைமாட்டில் தலையணை போலக் கொஞ்சம் உயர்த்தி விட்டு, பாறையையே வழவழப்பாகச் செதுக்கியவை. 2000 வருஷத்துக்கும் மேலே பழசு. நான் தமிழி எழுத்தை, அதாவது பழைய தமிழ் பிராமி எழுத்தை, தேடிக்கொண்டிருந்தபோது சித்தப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து படுக்கையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “உளிய சாச்சுப் பிடிச்சுக் கொத்தியிருக்கான் பாரு, அப்பத்தான் கல்லு செதிலாப் பேந்து வரும்” என்றார். மழைத்தண்ணி உள்ளே வழியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் வெட்டி விட்ட காடியையும் அவர்தான் எனக்குக் காட்டினார். நான் இதற்கு முன் மூன்று தடவை வந்திருக்கிறேன், ஒரு தடவையும் அதை நின்று பார்த்ததில்லை.

இங்குள்ள கல்வெட்டு, தொண்டியைச் சேர்ந்த ஒருவர் இந்தப் பள்ளியை, அதாவது சமணத் துறவிகள் தங்கும் இடத்தை, செய்து கொடுத்ததைச் சொல்கிறது. கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் இவ்வளவு தூரம் உள்ளே வந்து முனிவர்களுக்கு இடம் அமைத்துத் தந்திருக்கிறார்! அதில் எழுத்துகள் வலமிருந்து இடமாக, தலைகீழாக வெட்டப்பட்டிருக்கின்றன. அதைச் சொன்னதும் சித்தப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “மேல உக்காந்து குனிஞ்சு வெட்டியிருப்பானோ?” என்று கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆனால் கல்லில் கை வைத்தவருக்குத்தான் அப்படி ஒரு கேள்வி வரும். பாறையில் தீர்த்தங்கரர் உருவங்களும் உண்டு, அவை பல நூற்றாண்டு கழித்து வந்தவை.

வெளியே வந்து மறுபக்கம் பார்த்தால் குவாரி. கத்தியால் வெட்டியது மாதிரி நேர்ச்சுவர், கீழே பச்சைத் தண்ணி. ஒரே கோட்டில் துளைகளை வரிசையாக இறக்கி, ஆப்பு வைத்து அடித்தால் கல் அந்தக் கோட்டிலேயே பிளந்துகொள்ளும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், தான் நின்று டிரில் போட்ட இடம் எது என்று தேட ஆரம்பித்தார். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இடமே இப்போது தண்ணிக்குள்.

மலை பார்க்க வருகிறவர்கள் பலர் படுக்கையைப் பார்த்து, போட்டோ எடுத்து, இறங்கிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. முறைகேடாகக் கிரானைட் வெட்டியெடுத்ததால் அரசுக்கு 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று 2012-ல் அன்றைய ஆட்சியர் சகாயம் அறிக்கை கொடுத்தாரே, அதையும் இங்கே நின்றுதான் பேச வேண்டும். இங்கே தூசியைக் குடித்து வேலை பார்த்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். கூட்டிவருகிற பிள்ளைகளுக்கு இரண்டு பக்கத்தையும் காட்டுங்கள். ஆனால் குழி விளிம்புக்கு மட்டும் விடாதீர்கள், ஆழம் அதிகம், ஏறி வரப் படி கிடையாது.

வெயில் ஏறுமுன் அரிட்டாபட்டிக்கு வண்டியைத் திருப்பினோம். அழகர்கோவில் போகிற வழியில் உள்ளே பிரிய வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஏழு குன்றுகள், சுனைகள், ராஜாளி வகைப் பறவைகள், சிவனின் வடிவமான இலகுலீசர் சிற்பம் உள்ள பாண்டியர் காலக் குடைவரை. நெல்வேலிக்காரர் ஒருவர் அமைத்துக் கொடுத்த குகைத்தளமும் இருக்கிறது. இதையும் சேர்த்துத்தான் 2024 நவம்பரில் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். சுற்றுவட்டாரக் கிராமமே திரண்டது. டிசம்பரில் சட்டமன்றத்தில் தீர்மானம், 2025 ஜனவரி 7-ல் மதுரையை நோக்கி நடைபயணம், அதே மாதம் 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுனைப்பக்கம் நிழலில் சாய்ந்திருந்தபோது சித்தப்பா பழக்க தோஷத்தில் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பாறையைத் தட்டிக் காதைச் சாய்த்தார்.

“கணீர்னு கேக்குதா? விரிசலே இல்லாத கல்லு. விட்டிருந்தா மொதல்ல இதத்தான் எடுத்திருப்பாங்க.”

கையிலிருந்த கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, துண்டை விரித்து அந்தப் பாறையிலேயே படுத்துத் தூங்கிப்போனார். மூன்று மணி வரை நான் எழுப்பவில்லை.