காரிஸ்புரூக்: கழுதை இறைக்கும் கிணறும் கம்பியில் சிக்கிய ராஜாவும்

மகள் இங்கிலாந்தில் நர்ஸ். வேலை நியூபோர்ட்டில். அது தெற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் வைட் தீவின் நடுவில் உள்ள ஊர். சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறி சோலண்ட் நீரிணையைத் தாண்ட வேண்டும். தீவுக்குப் போகிறவர்கள் விக்டோரியா ராணி வாழ்ந்த ஆஸ்போர்ன் மாளிகையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நாங்களும் பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நானும் என் மனைவியும் திரும்பத் திரும்பப் போனது காரிஸ்புரூக் என்ற பக்கத்துக் கிராமத்துக்கு. நியூபோர்ட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். குன்றின் மேல் கோட்டை, எதிர் மேட்டில் தேவாலயம், நடுப்பள்ளத்தில் லூக்லி ஓடை. காஸில் ஸ்ட்ரீட்டின் கீழ்முனையில் ஓடைக்குக் குறுக்கே பாலம் கட்டாமல், தண்ணீரிலேயே வண்டி இறங்கிப் போகும்படி விட்டிருக்கிறார்கள்.

நான் வேலூரில் தரைநீர் சம்பந்தப்பட்ட வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். எனவே எந்தக் கோட்டைக்குப் போனாலும் என் முதல் கேள்வி, இவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான். காரிஸ்புரூக் கோட்டையின் கதையே அங்கிருந்துதான் சூடு பிடிக்கிறது. 1136-ல் பால்ட்வின் என்ற பிரபு ஸ்டீபன் மன்னரை எதிர்த்துக் கிளம்பினார். மதில் வலுவாக இருந்தது, ஆளும் இருந்தார்கள். கோட்டைக் கிணறு வற்றிவிட்டது. அவ்வளவுதான், சரணடைந்தார். அதற்குப் பிறகு கோட்டை முற்றத்தில் தோண்டிய கிணறு 161 அடி ஆழம். எங்கள் பக்கத்தில் 161 அடி என்று சொன்னால் போர்வெல் போடுகிறவர் சிரிப்பார். ஆனால் இது இயந்திரம் இல்லாத காலத்தில் மனிதன் உள்ளே இறங்கி வெட்டிய ஆழம். அங்கே பூமி சுண்ணக்கல். மழைநீர் அதில் ஊறி இறங்கித் தேங்கும், ஓரங்களில் ஊற்றாகக் கிளம்பும். நம்முடையது கடும்பாறை, விரிசல் அகப்பட்டால்தான் தண்ணீர். லூக்லி ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றபோதெல்லாம் எனக்குப் பாலாற்று மணல்தான் நினைவுக்கு வந்தது, பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிணற்று வீட்டுக்குள் மரத்தாலான ஒரு பெரிய சக்கரம். 1587-ல் செய்தது. சக்கரத்துக்குள்ளே கழுதை நின்று நடக்கும். அது நடக்க நடக்கச் சக்கரம் சுழலும், அச்சில் கயிறு சுற்றும், வாளி மேலே வரும். என் தாத்தா காலத்துக் கவலை இறைப்பில் மாடுகள் சரிவில் இறங்கிப் பின்னோக்கி ஏறி வரும். இங்கே கழுதை எங்கேயும் போகாமலேயே போகிறது. முதலில் கைதிகளை உள்ளே விட்டுத்தான் சக்கரத்தை மிதிக்க வைத்தார்களாம். கழுதைகள் அப்புறம் வந்தவை. இப்போது பார்வையாளருக்குக் காட்டுவதற்காகச் சிறிது நேரம் மட்டும் நடக்கவிடுகிறார்கள். கழுதைகளுக்கெல்லாம் ஆங்கில ‘ஜே’ எழுத்தில் தொடங்கும் பெயர்கள். “ஏங்க, வேலைக்கு அஞ்சு நிமிஷம், பேரு வேற அழகா. இதுக்கு ஓவர்டைம் உண்டான்னு கேளுங்க” என்றாள் மனைவி. மகள் நைட் டியூட்டி முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த நாள் அது.

மற்றவர்கள் அங்கே வருவது கிணற்றுக்காக இல்லை, முதலாம் சார்லஸுக்காக. உள்நாட்டுப் போரில் தோற்ற இங்கிலாந்து ராஜா. 1647 நவம்பரில் ஹாம்ப்டன் கோர்ட் என்ற அரண்மனையில் காவலிலிருந்து தப்பி, காரிஸ்புரூக்கின் ஆளுநர் ராபர்ட் ஹாமண்ட் தன் பக்கம் நிற்பார் என்று நம்பித் தானே இந்தத் தீவுக்கு வந்தார். ஹாமண்ட் மரியாதையாக வரவேற்றார், பந்து விளையாட மைதானம்கூடப் போட்டுக் கொடுத்தார், ஆனால் வெளியே விடவில்லை. 1648 மார்ச்சில் ஜன்னல் வழியாக இறங்கத் திட்டம். கம்பிக்கு இடையில் தலை நுழைகிறதா என்று பார்த்தவர், தலை போனால் உடம்பும் போகும் என்று இருந்துவிட்டார். அந்த இரவில் பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. வெளியேயும் போக முடியாமல், மீண்டும் உள்ளே வருவதற்கே பெரும்பாடு பட்டார். மே மாதம் அமிலத்தால் கம்பியை அரிக்கப் பார்த்தார்கள், காவலர்களே காட்டிக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் லண்டனுக்குக் கொண்டுபோய் 1649 ஜனவரி 30 அன்று தலையை வெட்டினார்கள்.

எனக்கு அவரிடம் பெரிய இரக்கம் பிறக்கவில்லை. அவர் மகள் எலிசபெத் விஷயம் வேறு. அப்பாவின் தலை போன மறு வருடம் அந்தப் பெண்ணை அதே கோட்டைக்கு அனுப்பினார்கள். வந்த சில வாரங்களில் காய்ச்சலில் போய்விட்டாள். 1650 செப்டம்பர், வயது பதினான்கு. நியூபோர்ட் தேவாலயத்தில் புதைத்தார்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து விக்டோரியா ராணி அங்கே அவளுக்குப் பளிங்கில் ஒரு சிலை வைத்தார்.

இதெல்லாம் படித்துக்கொண்டே நின்றபோது எனக்கு நம்மூர்க் கோட்டை ஓடிக்கொண்டே இருந்தது. சிறைபட்ட அரச குடும்பங்களில் வேலூர் காரிஸ்புரூக்குக்குச் சளைத்ததா என்ன? திப்புவின் பிள்ளைகளை இங்கேதான் வைத்தார்கள். 1806 ஜூலை 10 சிப்பாய்கள் எழுந்தபோது அவர்களுக்காகவே கொடி ஏறியது, அடங்கியதும் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். 1815-ல் பிடிபட்ட கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனையும் குடும்பத்தோடு இங்கே கொண்டுவந்தார்கள். நாயக்கர் வழி வந்தவர், இலங்கையின் கடைசி அரசர். கடைசி மூச்சு வரை வேலூர்தான். இறந்தது 1832 ஜனவரி 30. சார்லஸ் செத்த அதே தேதி! (சார்லஸ் காலத்து ஆங்கிலேயர்கள் பழைய நாட்காட்டியில் இருந்தார்கள் என்று யாராவது திருத்த வருவீர்கள், தெரியும்.)

தேவாலயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. செயின்ட் மேரி, நார்மன் காலத்துக் கட்டடம், கோபுரம் மட்டும் 15-ம் நூற்றாண்டு. பீடப்பகுதியைக் காணோம். முதலாம் எலிசபெத் ராணியின் ஒற்றர் தலைவர் வால்சிங்ஹாம் இந்தக் கோயில் சொத்தை வைத்திருந்தபோது, பழுது பார்க்கும் செலவு மிச்சம் என்று இடித்துவிட்டாராம். உள்ளே வண்ணம் தீட்டிய மரப்பலகை ஒன்றில் கப்பல் படத்தோடு ஒரு நினைவுச் சின்னம். வில்லியம் கீலிங், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல் தளபதி. 1609-ல் கோகோஸ் தீவுகளைக் கண்டவர், அவற்றுக்கு கீலிங் என்றும் பெயர் உண்டு. 1615-ல் ஜஹாங்கீரிடம் தூது போன தாமஸ் ரோ சூரத்துக்கு வந்தது இவர் நடத்திவந்த கப்பல்களில்தான். மறு வருடம் கோழிக்கோட்டில் அந்த ஊர் அரசர் சாமூதிரியோடு கீலிங் ஒப்பந்தம் போட்டார். பிற்பாடு வேலூர்க் கோட்டைக்குப் பூட்டுப் போட்ட அதே கம்பெனி. அந்தப் பலகை முன்னால் நான்தான் ரொம்ப நேரம் நின்றேன். வேறு யாரும் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ரோமானிய வீடு ஒன்றின் அடித்தளம் 1859-ல் பாதிரியார் வீட்டுத் தோட்டத்தில் கிடைத்தது. ஸ்பெயின்காரர்களுக்குப் பயந்து ஓர் இத்தாலியப் பொறியாளரை வைத்துக் கோட்டையைச் சுற்றி இன்னொரு வெளி அரண் கட்டினார்கள். இரண்டும் சுற்றி வரும்போது தானே கண்ணில் படும் என்று நினைக்காதீர்கள், அரண் மட்டும்தான் படும். அகழியில் தண்ணீர் கிடையாது, புல்தான். அகழி விஷயத்தில் நாம்தான் ஜெயித்தோம்.

ஊருக்கு வந்ததும் மகள் போனில் கேட்டாள்: “அப்பா, அந்தக் கண்டி ராஜா சமாதி எங்கே இருக்கு? நான் பார்த்ததே இல்லையே.” வேலூரில் பிறந்து வளர்ந்த பெண். என் மனைவியும் பார்த்ததில்லை. பாலாற்றங்கரையில், முத்து மண்டபம் என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் சொல்வார்கள். 1990-ல் அரசு கட்டிய மண்டபம். உள்ளே அரசரின் கல்லறையும் அவர் குடும்பத்தாருடையவையும் இருக்கின்றன. மகள் விடுமுறைக்கு ஜனவரியில் வருகிறாள். முப்பதாம் தேதி மூன்று பேரும் போகிறோம்.