ஜெர்மனியில் இருக்கும் கணவரிடம் போக: ஏ1 பரீட்சையும் விசாக் காகிதங்களும்

செட்டிநாட்டுப் பக்கம் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா என்றுதான் பழக்கம். அதனால் விசா பற்றி வீட்டில் யாரைக் கேட்டாலும் அந்த நாடுகளின் கணக்கில்தான் பதில் வரும். "கல்யாணத்தைப் பதிவு பண்ணிட்டா போதும், மாப்பிள்ளை அங்கிருந்து பார்த்துக்குவார்" என்பார்கள். ஜெர்மனிக்கு அது போதாது. 2007 ஆகஸ்ட் முதல், கணவரிடமோ மனைவியிடமோ சேர விரும்புகிறவர் புறப்படுவதற்கு முன்பே அடிப்படை ஜெர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். அதற்கான பரீட்சைதான் ஏ1. காரைக்குடியில் இருந்தபடியே படித்து, சென்னையில் எழுதி, காகிதங்களைச் சேர்த்து விசா வாங்கியவள் என்ற முறையில், அடுத்து வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். அங்கே அவர் எந்த அனுமதியில் இருக்கிறார்? புளூ கார்டு (படித்த வெளிநாட்டு வேலையாட்களுக்கான ஐரோப்பிய வசிப்பு அனுமதி) வைத்திருப்பவரின் மனைவிக்கு இந்தப் பரீட்சை கிடையாது. ஜெர்மன் குடியுரிமை பெற்றவரின் மனைவிக்கு உண்டு. கேட்கத் தலைகீழாக இருக்கிறது, ஆனால் சட்டம் அப்படித்தான். எங்கள் கல்யாணத்தின்போது அவர் புளூ கார்டில் இருந்தார். நாங்கள் விண்ணப்பிக்கும் முன் குடியுரிமை வந்துவிட்டது, எனக்குப் பரீட்சையும் வந்துவிட்டது. ஆகவே கல்யாணத் தேதியில் அவர் நிலை என்ன என்பதைவிட, விண்ணப்பம் போடும் தேதியில் என்னவாக இருக்கும் என்பதைப் பாருங்கள். ஜெர்மன் குடிமகனின் மனைவிக்கு விசாக் கட்டணம் இல்லை என்பது இதில் ஒரு சின்ன ஆறுதல். மற்றவர்களுக்கு 75 யூரோ.

பரீட்சை உண்டு என்று தெரிந்தால் நிச்சயதார்த்தம் முடிந்த வாரமே படிக்கத் தொடங்குங்கள். கல்யாணம் முடியட்டும் என்று தள்ளினால், முதல் வருஷ முறை, விருந்து, பங்காளி வீட்டு விசேஷம் என்று மாதங்கள் போய்விடும். ஏ1 அளவுக்கு வர 45 நிமிடப் பாடவேளைகள் 80 முதல் 200 வரை தேவைப்படும் என்கிறது, ஜெர்மன் கற்பித்துப் பரீட்சையும் நடத்தும் அமைப்பான கோதே இன்ஸ்டிடியூட். ஆங்கிலம் ஓரளவு தெரிந்த, தினமும் உட்காரக்கூடிய ஒருத்திக்குச் சில மாத வேலை. காரைக்குடியில் நேரடி வகுப்பு தேடி அலைய வேண்டியதில்லை, ஆன்லைன் வகுப்பே போதும். ஜெர்மனியின் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லேயின் இணையத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. கோதே தளத்தில் மாதிரி வினாத்தாளும், அதன் ஒலிப்பதிவும், ஏ1 சொற்பட்டியலும் இலவசம். பட்டியலில் சுமார் 650 சொற்கள்தான். அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பயிற்சி மையம் தன் பெயரில் தரும் "ஏ1 முடித்தார்" சான்றிதழ் விசாவுக்கு உதவாது. கோதே, ஓஎஸ்டி, டெல்க் மாதிரி அங்கீகாரம் பெற்ற அமைப்பின் சான்றிதழ்தான் வேண்டும். சென்னையில் கோதே இன்ஸ்டிடியூட் நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. கோயம்புத்தூரிலும் கோதே மையம் உண்டு. அங்கே படிக்காதவர்களும் பரீட்சைக்கு மட்டும் பதிவு செய்யலாம், ஆனால் இடங்கள் வேகமாக நிரம்பிவிடும். அதனால் படித்து முடித்துவிட்டுத் தேதி தேடாதீர்கள், பாதி படிக்கும்போதே தேதியைப் பிடியுங்கள். ரொம்ப முன்னாலும் எழுதிவிடக் கூடாது. விசா கொடுக்கும் இடத்தில் பொதுவாக ஒரு வருஷத்துக்கு உட்பட்ட சான்றிதழைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

இனி பரீட்சை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25, மொத்தம் 100. அறுபது எடுத்தால் தேர்ச்சி. ஒரு பகுதியில் குறைந்தால் இன்னொன்றில் ஈடுகட்டலாம். ஆனால் மொத்தத்தில் அறுபது வராவிட்டால் முழுப் பரீட்சையையும் மறுபடி எழுத வேண்டும்.

கேட்டல்தான் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தடுமாற வைக்கிறது. சுமார் 20 நிமிடம், மூன்று பகுதி. முதலாவதும் மூன்றாவதும் இரண்டு தடவை ஒலிக்கும். நடுவில் இருக்கும் அறிவிப்புகள் ஒரே ஒரு தடவைதான். ரயில் நிலையம், கடை, விமான நிலையம் என்று வரும். கேட்டலில் அடிக்கடி வருவது எண்கள்: எத்தனாவது பிளாட்பாரம், எத்தனை மணி, என்ன விலை. ஜெர்மனில் இருபத்தேழு என்பதை "ஏழும் இருபதும்" என்ற வரிசையில் சொல்வார்கள். காது இருபதுக்குக் காத்திருக்கும்போது ஏழு வந்து போய்விடும். இதற்குக் குறுக்கு வழி எதுவும் இல்லை. தெருவில் போகும் வண்டியின் நம்பர், பால் கணக்கு, மளிகை ரசீது எல்லாவற்றையும் வாய்விட்டு ஜெர்மனில் சொல்லிப் பழகுங்கள். எண்ணும் நேரமும் காதில் உட்கார்ந்துவிட்டால் கேட்டலில் தேறிவிடலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

வாசித்தல் எளிது, 25 நிமிடம் தாராளம். விடைகளை விடைத்தாளுக்கு மாற்ற நேரம் ஒதுக்குங்கள்.

எழுதுதலில் முதலில் ஒரு படிவம், ஐந்து விவரம் நிரப்ப வேண்டும். அப்புறம் மூன்று குறிப்பு கொடுத்து முப்பது சொல் அளவில் ஒரு கடிதம். மூன்று குறிப்புக்கும் ஒவ்வொரு வாக்கியமாவது எழுதிவிடுங்கள். ஒன்றைப் பிரமாதமாக எழுதி இன்னொன்றை விட்டுவிட்டால் மதிப்பெண் போகும். தோழிக்கு எழுதுவது ஒரு விதம், அலுவலகத்துக்கு எழுதுவது வேறு விதம். விளிப்பும் முடிப்பும் மாறும், 'நீ'யும் 'நீங்க'ளும் மாறும். அந்த வித்தியாசம் நமக்குப் பிறவியிலேயே வந்தது, ஆகவே தொடக்க வரியையும் முடிவு வரியையும் மட்டும் இரண்டு வகைக்கும் மனப்பாடம் செய்தால் போதும்.

பேசுதல் குழுவாக நடக்கும், நான்கு பேர் வரை ஒரு மேசையில். சுமார் 15 நிமிடம். முதலில் உங்களைப் பற்றி: பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், வேலை, பொழுதுபோக்கு. அப்புறம் ஒரு சீட்டில் இருக்கும் சொல்லை வைத்து அடுத்தவரிடம் கேள்வி கேட்பது. கடைசியாகப் படச் சீட்டைப் பார்த்து ஏதாவது வேண்டிக் கேட்பது, அடுத்தவர் கேட்டால் பதில் சொல்வது. இலக்கணம் பிசகினால் பெரிய நஷ்டம் இல்லை, வாயை மூடிக்கொண்டால்தான் நஷ்டம். பக்கத்தில் இருப்பவர் தடுமாறினாலும் உங்கள் மதிப்பெண் குறையாது. அவர் சொல்வது புரியாவிட்டால் "தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள்" என்று ஜெர்மனிலேயே கேளுங்கள், அதுவும் பேச்சுதான்.

அறிமுகம் முடிந்ததும் பெயரையோ ஊரையோ எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணையும் சொல்லச் சொல்வார்கள். இங்கே ஆங்கில எழுத்து ஒலி குறுக்கே நிற்கும். ஜெர்மனில் 'ஏ' என்று சொன்னால் அது ஆங்கிலத்தின் 'ஈ' எழுத்து. 'ஈ' என்றால் ஆங்கிலத்தின் 'ஐ'. காரைக்குடியை "கா, ஆ, எர், ஆ, ஈ, கா, ஊ, டே, ஈ" என்று கூட்ட வேண்டும். உங்கள் பெயர், ஊர், கணவர் பெயர், அவர் இருக்கும் தெரு, நான்கையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி வைத்துக்கொள்ளுங்கள். விமானம் இறங்கியபின் ஒவ்வொரு அலுவலகத்திலும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

காரைக்குடியிலிருந்து போகிறவர்கள், பரீட்சை காலையில் என்றால் முதல் நாளே சென்னை போய்விடுங்கள். பல்லவன் ரயில் எழும்பூர் போய்ச் சேர மதியம் ஆகிவிடும். ராத்திரி ரயிலில் தூங்காமல் போய்க் கேட்டல் எழுதுவது வீண் சோதனை.

பரீட்சைக்குப் பதிவு செய்யும்போதே பெயர்ப் பிரச்சினை தொடங்குகிறது. கோதே சான்றிதழில் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர் மூன்றும் இருக்கும். மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். நம் பக்கம் பெண்ணுக்கு ஆயா பெயரையோ அப்பத்தா பெயரையோ வைப்பார்கள். பெரியவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்று வீட்டில் வேறு பெயரில் அழைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று ஆகிவிடும். விசாலாட்சியை ஆங்கிலத்தில் கே-எஸ்-எச் போட்டு எழுதியவர்களும் உண்டு, டி-சி-எச் போட்டு எழுதியவர்களும் உண்டு. ஒரே பெண்ணின் காகிதங்களில் இரண்டும் இருக்கும். இனிஷியலோ இன்னும் சிக்கல். பழ., ராம., சித. என்று பெயருக்கு முன்னால் எழுதும் குடும்பங்களில் இரண்டு மூன்று இனிஷியல் சாதாரணம். பாஸ்போர்ட்டில் அவற்றை விரித்து எழுத வேண்டும், மற்றதில் சுருக்கமாகவே நிற்கும். பிறந்த ஊரும் அப்படித்தான். ஆஸ்பத்திரி காரைக்குடியில், வீடு கானாடுகாத்தானில், பிறப்புச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் மற்றொன்று.

ஆகவே ஒரு நாள் உட்கார்ந்து பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி இறுதிச் சான்றிதழ் நான்கையும் தரையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது நல்லது. பழைய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இடமே காலியாக இருக்கும், அதையும் பாருங்கள். பெயர் சேர்க்க, பிறப்பைப் பதிந்த நகராட்சியிலோ பேரூராட்சியிலோ மனுக் கொடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டியிருந்தால், சிவகங்கை மாவட்டத்தவர்களுக்கு மதுரை அலுவலகம், புதுக்கோட்டை மாவட்டத்துச் செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்குத் திருச்சி. கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்க்க ஆசை இருந்தால், பரீட்சைக்குப் பதிவு செய்யும் முன் சேர்த்துவிடுங்கள், அல்லது ஜெர்மனி போய்ச் சேரும் வரை தொடாதீர்கள். நடுவில் மாற்றினால் சான்றிதழில் ஒருத்தி, பாஸ்போர்ட்டில் இன்னொருத்தி.

கல்யாணப் பதிவுக்கு வருவோம். இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்த ஏட்டை எழுதி, இரு வீட்டாரும் கையெழுத்திட்டு, கோயில் மாலையும் வந்தாகிவிட்டது என்றால் நம் வழக்கப்படி அது முறையான கல்யாணம். அந்த ஏட்டின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் தூதரகம் கேட்பது சார்பதிவாளர் தரும் சான்றிதழை. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை முடியும். உண்மையில் அவ்வளவு நாள் நமக்குக் கிடையாது, ஏனென்றால் மாப்பிள்ளையும் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், அவருக்கோ கொஞ்ச நாள் லீவுதான். தாலி கட்டிய வாரத்திலேயே, அவர் விமானம் ஏறும் முன், கல்யாணம் நடந்த ஊருக்குரிய சார்பதிவாளர் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். பத்திரிகை, வயதுச் சான்று, முகவரிச் சான்று, சாட்சிகள் எல்லாம் கல்யாணத்துக்கு முன்பே தயாராக இருக்கட்டும். சான்றிதழ் கைக்கு வந்ததும் அங்கேயே நின்று எழுத்துக்கூட்டிப் படியுங்கள். திருத்தத்துக்கு அவர் திரும்ப வர முடியாது.

எங்களைப் போல இடையில் கணவர் குடியுரிமை மாறியிருந்தால், கல்யாணச் சான்றிதழில் இருப்பவரும் ஜெர்மன் பாஸ்போர்ட்டில் இருப்பவரும் ஒரே ஆள் என்று காட்ட, ரத்தான இந்திய பாஸ்போர்ட் நகலையும் குடியுரிமைப் பத்திர நகலையும் சேர்த்து வையுங்கள்.

2025 ஜனவரி முதல் இத்தகைய நீண்டகால விசாவுக்கு ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணைய வாசலிலேயே படிவம் நிரப்பிக் காகிதங்களை ஏற்றலாம். ஆனால் கைரேகைக்கும் அசல் ஆவணங்களுக்கும் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். தமிழ்நாடு சென்னைத் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகிறது. அவர்கள் வெளியிடும் பட்டியலை அன்றைய தேதியில் இறக்கி அதன் வரிசையிலேயே அடுக்குங்கள். போன வருஷம் போன அக்கா கொடுத்த பட்டியல் வேண்டாம்.

கோப்பு அதன் பிறகு கணவர் வசிக்கும் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் சம்மதித்தால்தான் விசா. எத்தனை மாதம் என்பது அந்த ஊரைப் பொறுத்தது. கடிதம் வந்தால் அவர் உடனே பதில் போட வேண்டும். சில ஜோடிகளைச் சந்தேகத்தின் பேரில் ஒரே நேரத்தில் தனித்தனியாகக் கேள்வி கேட்பதும் உண்டு. பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம் என்றால் அப்படியே சொல்லுங்கள், காதல் கதை எதுவும் சேர்க்க வேண்டாம். எப்போது பெண் பார்க்க வந்தார்கள், யார் சொல்லி வந்த சம்பந்தம், அவர் வேலை என்ன, வீட்டில் எத்தனை அறை என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இந்தக் காத்திருக்கும் மாதங்களில் ஜெர்மனை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடினால் எல்லாம் மறந்துவிடும். அடுத்த நிலையான ஏ2 வகுப்பில் சேருங்கள். போய்ச் சேர்ந்ததும் இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு, அப்புறம் விசா முடியும் முன் வசிப்பு அனுமதி. அந்த அனுமதியோடு வேலைக்கும் போகலாம். மொழிக்கு 600 பாடவேளை, நாட்டு நடப்புக்கு 100 பாடவேளை என்று அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பும் இருக்கிறது, ஏ2-க்கும் அடுத்த நிலையான பி1 வரை கொண்டுபோகும். வசிப்பு அனுமதிக்குப் போகும்போதே அந்த வகுப்புக்கான அனுமதிச் சீட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.