இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள்

மார்ச் 10, 2024, ஞாயிறு, பெங்களூரு

சம்பில், அதாவது தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில், எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்பதைக் கைப்பேசியில் காட்டும் கருவியின் முதல் மாதிரி, எங்கள் ஹொரமாவு அடுக்குமாடியில் இரண்டு வாரமாக ஓடுகிறது. நூறு கருவிகள் செய்யக் கடன் வாங்குவதற்கு முன், வாங்குவோர் உண்டா, என்ன விலை கொடுப்பார்கள் என்று அறிய இன்று காத்திருப்புப் பட்டியல் ஒன்றைத் திறந்தேன். 2,499 ரூபாய் என்று விலையையும் போட்டுவிட்டேன். விலை தெரியாமல் தரப்படும் பெயர் வெறும் விசாரிப்புதான். பதிவு செய்பவரிடம் ஒரே கேள்வி: "இது உங்களுக்கு எதற்கு?" இந்த வாரம்தான் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு உச்ச விலை வைத்தது, 5 கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லோடுக்கு 1,000 ரூபாய்.

மார்ச் 20, புதன்

212 பெயர்கள் சேர்ந்துவிட்டன. மகிழ்ச்சியை விடச் சந்தேகமே அதிகம், ஏனெனில் குழாய் வறண்ட ஊரில் தண்ணீர் என்று எழுதிய எந்தப் பலகையின் முன்னாலும் ஆள் நிற்பார்கள். 2010-இல் ஜோயல் கேஸ்காயின், சமூக ஊடகப் பதிவுகளை நேரம் குறித்து வெளியிடும் பஃபர் சேவையை உருவாக்குமுன் ஓர் இணையப் பக்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தார். பிறகு நடுவில் விலைத் திட்டங்களைச் செருகி, அவற்றைப் பார்த்த பின்னும் எத்தனை பேர் தொடர்கிறார்கள் என்று கவனித்தார். நல்ல வழிதான், ஆனால் பொத்தானை அழுத்தக் காசு செலவாவதில்லை. ஆகவே 212 பேருக்கும், கேட்டவுடன் திருப்பித் தரப்படும் 499 ரூபாய் முன்பணம் கேட்டு எழுதினேன்.

மார்ச் 27, புதன்

பதினேழு பேர் கட்டியிருக்கிறார்கள். "கல்யாணத்துக்கு வர்றோம்னு இருநூறு பேர் சொன்னாங்க, மொய் எழுதினது பதினேழு பேர்தான்" என்றாள் மனைவி. அந்தப் பதினேழில் பதினொருவர் அடுக்குமாடிச் சங்கங்களின் பொருளாளர்களோ நிர்வாகக் குழுவினரோ என்பதை இரவில்தான் கவனித்தேன். தனி வீட்டுக்காரர்கள் "தண்ணீர் தீருமுன் தெரிய வேண்டும்" என்று எழுதியிருக்க, இவர்களில் பலரும் எழுதியது "டேங்கர் கணக்கு".

மார்ச் 31, ஞாயிறு

அந்தப் பதினொருவரில் ஒருவரைப் பார்க்கப் போனேன். சேலத்துக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். சம்ப் மூடியருகே ஒரு மூங்கில் கழி சாத்தியிருந்தது. அதில் சாணுக்கு ஒரு கோடாகச் சிவப்பு பெயிண்ட். லோடு வருமுன் ஒரு முறை, வந்த பின் ஒரு முறை கழியை இறக்கி, ஈரம் ஏறிய உயரத்தை நீள நோட்டில் குறித்துக்கொள்கிறார்.

"தண்ணி தீருறது எனக்கே தெரியும் தம்பி. அவன் எவ்வளவு ஊத்தினான்னுதான் தெரியாது."

மூன்று மாதமாக நான் விற்க நினைத்த பொருள் வேறு, இவர் வாங்கக் காத்திருக்கும் பொருள் வேறு. அவருடைய சம்ப் 4 மீட்டருக்கு 3 மீட்டர். ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் 120 லிட்டர், முழு லோடுக்கு சரியாக 100 சென்டிமீட்டர் ஏற வேண்டும். மேல் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டு, என் கருவியை மூடியில் பொருத்தி, வந்த லோடை அளந்தோம்: 91 சென்டிமீட்டர், அதாவது 10,920 லிட்டர். ஓட்டுநர் சக்கரத்தைப் பார்த்தபடி நின்றார். பொருளாளர் ஒன்றும் பேசாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 13, சனி

வாங்குவோர் ஏற்கும் விலையை அறிய டச்சுப் பொருளியலாளர் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் 1976-இல் வகுத்த நான்கு கேள்விகளை (எது வாங்கவே முடியாத விலை, எது தரத்தைச் சந்தேகிக்க வைக்கும் மலிவு, எது அதிகமானாலும் யோசிக்கத்தக்கது, எது லாபம்) முன்பணம் கட்டியவர்களுக்கு அனுப்பினேன். தனி வீட்டுக்காரர்கள் கே.ஆர். மார்க்கெட்டில் பூசணிக்காய்க்குப் பேரம் பேசுவதுபோல் பதிலளித்தார்கள். சங்கத்தாரோ விலையை லோடுகளில் கணக்கிட்டார்கள். சேலத்துக்காரரின் கட்டடத்துக்கு நாளைக்கு 4 லோடு, மாதம் 120. லோடுக்கு ஆயிரம் லிட்டர் குறைந்தாலே மாதத்தில் 10 லோடு, அரசு விலையிலேயே 10,000 ரூபாய். இந்தக் கணக்கை எழுதி, லோடு அளவையும் பதியும் கருவிக்கு 7,500 ரூபாய் என்று பதினொரு பேரிடமும் சொன்னேன். ஒன்பது பேர் ஒப்புக்கொண்டு முன்பணத்தை 2,500 ஆக உயர்த்தினார்கள். பழைய விலையில் நூறு செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

ஜூன் 3, திங்கள்

நேற்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை. ஜூன் மாதத்தில் இவ்வளவு பெய்து 133 ஆண்டுகளில் இல்லையாம். காலையில் நான்கு பேர் முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், நால்வரும் தனி வீட்டுக்காரர்கள். தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருந்ததால் பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். சங்கங்களில் ஒன்றுகூட விலகவில்லை, மழைக்காலத்திலும் அங்கே டேங்கர் வரத்தான் செய்கிறது. கருவியின் சென்சாருக்கு மிக அருகில் தண்ணீர் ஏறும்போது அளவு பிசகுகிறது. மூடிக்கு மேல் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து சென்சாரை உயர்த்த வேண்டும். நாளை மின்னணுக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒன்பது சென்சார் வாங்க வேண்டும், கெட்டால் மாற்ற இன்னும் இரண்டு.