அலமாரியில் இருந்த சரக்கு

மும்பை மசூதி பந்தரில் ஒரு ஸ்டேஷனரி மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். 16 வருஷமாகிறது. போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் டப்பாவைத் திறக்காமலே கேட்டாள்: "அக்கா, ஒரு நெட்வொர்க் மார்க்கெட்டிங் கம்பெனி. பொருளை வாங்கி விக்கணும், நமக்குக் கீழே ஆள் சேர்க்கணும், கமிஷன் வரும். 10 ஆயிரம்தான் கட்டணுமாம். போனா போகட்டும்னு சேர்ந்து பாக்கலாமா?" அவள் சம்பளக் கணக்கைப் போடுவதே நான்தான். கோலிவாடாவில் வாடகை, ஊரில் அப்பாவுக்கு மருந்து. அவளுக்கு அது போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகை இல்லை.

"கட்டுற பணம் சின்ன விஷயம்மா. அதுக்கப்புறம் மாசாமாசம் என்ன போகுதுன்னு பாரு" என்றேன். மறுநாள் என் பழைய நோட்டை எடுத்துக்கொண்டு போனேன்.

இதே மாதிரி ஒரு கம்பெனியில் என்னையும் சேர்த்துவிட்டவர் ஒரு ரயில் சிநேகிதி. செம்பூரில் நான் ஏறும் ஹார்பர் லைன் லேடீஸ் பெட்டியில் பிஸி (தெரிந்தவர்களுக்குள் போடும் சீட்டு) பிடிப்பது, புடவைத் தவணை, பிள்ளைகளின் டியூஷன் என்று எல்லாமே பேசி முடிந்துவிடும். வடாலாவில் ஏறும் அந்த அக்கா, எனக்குப் பிரசவமானபோது லேகியம் கிளறிக் கொண்டுவந்து தந்தவர். அவர் என்மேல் வைத்திருந்த பிரியத்தில் பொய் எதுவும் கிடையாது. "ஒரு தடவை பிளான் பாருடி" என்று கூப்பிட்டார், போனேன். பிளான் பாதிதான் புரிந்தது. அக்கா சொன்னதால் கையெழுத்துப் போட்டேன்.

சேர 8,400 ரூபாய். அதற்கு ஒரு பெட்டி நிறையப் பொருள் கொடுத்தார்கள். அடுத்த மாதம்தான் 'ஆக்டிவ்' என்ற சொல் காதில் விழுந்தது. என் ஐ.டி.யில் மாதம் 2,500 ரூபாய்க்கு வாங்கினால்தான் நான் ஆக்டிவ். இல்லையென்றால் எனக்குக் கீழே இருப்பவர்கள் வாங்கியதற்கான கமிஷனும் கைக்கு வராது. வரவேண்டிய 400 ரூபாய் போய்விடுமே என்று 2,500 கட்டிய மாதங்கள் உண்டு. ஏழாவது மாதத்திலிருந்து கிரெடிட் கார்டில் வாங்கினேன், மினிமம் மட்டும் கட்டினேன். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு 42. என் முதலாளி இப்படிக் கடன் வாங்கியிருந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லியிருப்பேன்.

அந்த மார்ச் 31 அன்று பிவண்டி குடோனில் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு மூலையில் விற்காத டைரிகள், 340 இருந்தன. 110 ரூபாய்க்கு வாங்கியவை. மார்ச் மாதத்தில் அந்த வருஷத்து டைரியை யார் வாங்குவார்கள்? வாங்கின விலை, விற்கக்கூடிய விலை, இரண்டில் எது குறைவோ அதைத்தான் ஸ்டாக் மதிப்பாக எழுத வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். பழைய பேப்பர் விலைக்குக் கணக்கெழுதி, ஷீட்டில் கையெழுத்தும் போட்டேன்.

இரவு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். ஷாம்பூ 11, பற்பசை 23, புரோட்டீன் பவுடர் 6 டப்பா. அதுவரை அவற்றை மேலே அச்சிட்டிருந்த விலையில் கூட்டி, 'சரக்கு இருக்கு, நஷ்டமில்லை' என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஒரு புரோட்டீன் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால், மே மாதம் காலாவதி. வெளியில் யாரும் அந்த விலைக்கு வாங்கவில்லை. கீழே சேர்ந்தவர்களும் ஆக்டிவாக இருக்கத்தான் வாங்கினார்கள். கம்பெனிக்கு வாடிக்கையாளர் நாங்களேதான்.

அன்று ராத்திரி எழுதிய பக்கத்தைத்தான் அவளிடம் காட்டினேன். சேர்ந்தது 8,400. 14 மாதம் 2,500 வீதம் 35,000. கூட்டங்களுக்கு டிக்கெட் 2,400. ரிக்ஷா, டீ, போன் 2,800. கார்டு வட்டி 3,100. ஆக 51,700. வந்தது: கமிஷன் 7,150, வெளியில் விற்றது 9,600, மொத்தம் 16,750. வீட்டில் பயன்பட்ட பொருளைக் கடையில் வாங்கியிருந்தால் 6,000 ஆகியிருக்கும், அதையும் கழித்தேன். மிச்சம் 28,950 ரூபாய் நஷ்டம். கூட்டங்களில் போன ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கணக்கு எழுதவில்லை.

"ஆனா கவர்மென்ட்டே அனுமதிச்சதுன்னு சொன்னாங்களே அக்கா?" என்றாள். 2021 டிசம்பரில், இப்படிக் கடையில்லாமல் ஆட்கள் மூலம் விற்கும் நேரடி விற்பனைக்கு விதிகள் வந்தது உண்மை. ஆள் மேல் ஆள் சேர்ப்பதையே வருமானமாகக் காட்டும் பிரமிட் திட்டங்களும், சேருகிறவர்களின் பணத்தையே சுற்றவிடும் பணச் சுழற்சித் திட்டங்களும் கூடாது என்று அவை சொல்கின்றன. பணச் சுழற்சியைத் தடை செய்யும் சட்டம் 1978-லிருந்தே இருக்கிறது. சேர்ந்தபின் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள அவகாசம் தரவேண்டும் என்பதும் புதிய விதிகளில் உண்டு. அந்த அவகாசம் எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் தேடச் சொன்னேன். விதிக்கு உட்பட்ட கம்பெனி என்பதாலேயே நமக்கு லாபம் வரும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"ஆளுக்கு அஞ்சு பேர் போதுமாம்" என்றாள். கால்குலேட்டரை அவள் கையில் கொடுத்தேன். 5, 25, 125 என்று பெருக்கிக்கொண்டே போனாள். பத்தாவது அடுக்கு வரை கூட்டினால் 1 கோடியே 22 லட்சம். 2011 கணக்கெடுப்பில் மும்பையின் மக்கள்தொகை ஏறக்குறைய அவ்வளவுதான். பதின்மூன்றாவது அடுக்கில் மட்டும் 122 கோடி, அன்றைய இந்தியாவையே தாண்டிவிடுகிறது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டின் அடுத்த பக்கத்தை அவளுக்குக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் காட்டினேன். தெரிந்த 100 பேரின் பெயரை எழுதச் சொல்லியிருந்தார்கள். 64 வரை எழுதியிருக்கிறேன். 31-ஆவது பெயர் எங்கள் ஆபீஸில் டீ போடும் அம்மா. கணக்குப் பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி, பிஸியில் எடுத்த பணத்தை என் கையில் கொடுத்தவர். அவர் ஒரு பாட்டில்கூட விற்கவில்லை, என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. டீ கொடுக்கும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கமாட்டார். 8,400-ஐ மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தேன். கடைசித் தவணையன்று, "வேண்டாம்மா, உனக்கும்தானே போச்சு" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

அவள் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு, "என்னைக் கூப்பிட்டது என் சித்தி, அக்கா" என்றாள். டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதம், இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம்.